களியக்காவிளையில் நீ காத்திருந்த நான்கு மணி நேரம்

அப்பு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். இங்கே மணி ஒன்று தாண்டிவிட்டது. உனக்கு அங்கே ஜெர்மனியில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். பகலில் மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். சேவை மையத்தில் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவருக்கு வருமானச் சான்றிதழ், ஒருவருக்கு ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். மற்றவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தே பழகிய கை இது. உனக்கென்று எழுதத் தொடங்கினாலும் "மேற்படி விஷயம் தொடர்பாக" என்றுதான் வருகிறது. மலையாளத்தில் எழுதினால் இதுவும் ஒரு விண்ணப்பம் ஆகிவிடும், ஆங்கிலத்தில் எழுதினால் நான் வேறு யாரோ ஆகிவிடுவேன். அதனால் தமிழில் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரமாகும் என்று தெரியும். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ், திருநெல்வேலி பஸ் என்று போர்டைக் காட்டி உன் அப்பா சொல்லிக்கொடுத்த தமிழ் உன்னுடையது. எழுத்துக் கூட்டியே வாசி.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அனுப்பிய மெசேஜை நான் அழிக்கவில்லை. "நீ சொல்றதில எது நிஜம்னு எனக்கு இனி தெரியாதும்மா. இங்க நாங்க நர்ஸிங் பழகுற வார்டில தொண்ணூறு வயசு ஆள்கிட்டகூட நேராச் சொல்றோம். உனக்கு நிஜம் சொல்லத் தோணும்போது சொல்லு, அது வரை நான் கூப்பிடல்ல." அன்று கோயிலில் இருந்தேன், போன் கேட்கவில்லை என்று நான் உன்னிடம் சொன்னேன். அடுத்த வீட்டு ஷீபா சேச்சி, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததை உன்னிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவள் மேல் கோபமில்லை. அன்று நான் எதற்காகப் போனேன் என்பதை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுவேன். ஆனால் அதற்கு முன் நான்கு வருஷத்துப் பழைய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். நம்பாமலிருக்க உனக்கு நியாயமும் உண்டு.

உனக்கு விவரம் தெரிந்தபோது உன் அப்பா லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுக்கிற மனிதராகிவிட்டிருந்தார். அதற்கு முந்திய மனிதரைத்தான் நான் கல்யாணம் செய்தேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் எல்லை தாண்டி, இங்கே மலையாளம் பேசுகிற தம்பானூரில் ஓர் ஓட்டலுக்கு வேலைக்கு வந்தவர். இடது கால் போலியோவில் சூம்பியிருந்ததால் தட்டேந்தி நடக்கிற வேலை நிலைக்கவில்லை. அதே கால்தான் பிற்பாடு அவருக்கு எஸ்.டி.டி. பூத் வாங்கித் தந்தது. கால் முடியாதவர்களுக்கு அரசாங்கம் பூத் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மஞ்சள் போர்டு, ஒரே ஒரு கண்ணாடி அறை, சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர். வீட்டுக்கு ஓர் ஆள் கல்ஃபில் இருந்தான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் இங்கே வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூத் வாசலில் நிற்பார்கள். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கட்டட வேலைக்கு வந்த நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த பூத் நம்பர்தான் முகவரி. ஊருக்கு எழுதும் கடிதத்தில் பெயருக்குக் கீழே அதைத்தான் எழுதுவார்கள். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் உன் அப்பா பூத்தை அப்படியே போட்டுவிட்டு, ஒற்றைக் காலால் சைக்கிளை அழுத்திப் போய் ஆளைக் கூட்டி வருவார். என் அப்பா கொத்தனார். வலியசாலையில் அக்ரகாரத்துக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் இருந்தோம். எங்களுக்கு வருகிற அழைப்புக்கு நான்தான் போவேன். பி.காம். இரண்டாம் வருஷம் கல்யாணம், மூன்றாம் வருஷப் பரீட்சையை எழுதும்போது நீ வயிற்றில் இருந்தாய். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. உன்னோடு சேர்ந்துதான் நானும் வளர்ந்தேன்; பயப்படுவதில் மட்டும் உனக்கு வெகு முன்னால் போய்விட்டேன்.

அந்த பூத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாவுச் சேதி வந்தால் உன் அப்பா அதை அப்படியே சொல்லமாட்டார். "சீரியஸாம், உடனே கிளம்பி வரச் சொன்னாவ" என்பார். முருகேசன் என்று ஒரு பிளம்பர், சங்கரன்கோவில் பக்கம். அவனுடைய அம்மா இறந்ததாக ஒரு நாள் காலையில் போன் வந்தது. உன் அப்பா அவனிடம் சீரியஸ் என்று மட்டும் சொல்லி, தானே பஸ் ஏற்றிவிட்டு வந்தார். நான் கேட்டேன், இது பொய் இல்லையா என்று. "ஏழு மணி நேரம் பஸ்ஸில தனியா உக்காந்து போறவன்கிட்ட முழுசையும் குடுத்துரப்பிடாதுட்டீ. கொஞ்சத்தை ஊர்ல இருக்கவன் குடுக்கட்டும். நாலு பேர் பிடிச்சுக்க இருப்பாவ, இல்லியா?" என்றார். எனக்கு அது எவ்வளவு பெரிய அன்பாகப் பட்டது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து முருகேசன் திரும்பி வந்தான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னான்: "அண்ணாச்சி, நான் தென்காசியில இறங்கி ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். அம்மாவுக்குப் பிடிக்கும்னு ரெண்டு கிலோ. அந்தப் பையோட போய் வாசல்ல இறங்கினேன். பந்தல் போட்டிருந்தாவ." உன் அப்பா அன்று பூத்தை நேரத்துக்கு முன்னாலேயே மூடினார். ஆனாலும் வழக்கத்தை மாற்றவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் கதையின் முதல் பாதியை நான் மனசில் வைத்துக்கொண்டேன். ஆரஞ்சுப் பழத்தை மறந்துபோனேன்.

பிறகு போன் எல்லோருடைய சட்டைப் பைக்கும் போய்ச் சேர்ந்தது. முதலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றது, பிறகு கண்ணாடி அறைக்குள் ஜெராக்ஸ் மெஷின் வந்தது, பிறகு அதற்கும் ஆள் இல்லை. பூத்தை மூடின மாதம்தான் நாம் கல்லாறு போனோம், உனக்கு ஞாபகம் இருக்கும், ஆறு வயது. பாறையில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாய். நான் அழுத அழுகையில் நீ உன் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாய். அங்கே அப்போது எந்த போனுக்கும் சிக்னல் இல்லை. உன் அப்பா தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு, "இங்க எவனும் எவனையும் கூப்பிட முடியாது. ஒரு பூத் போட்டா நல்லா ஓடும்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் தொழில் போனதைப் பற்றி நான் கேட்ட ஒரே பேச்சு அதுதான். அடுத்த வாரம் லாட்ஜில் சேர்ந்தார். கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஓர் இரவு தங்க அறை கொடுக்கிற வேலை. அவர் காலத்தில் எத்தனையோ நடந்தது, எல்லாம் பெரிய பெரிய மாற்றம் என்றார்கள். அவருக்கு மட்டும் கடைசிவரை ஒரே வேலைதான், போகிறவனையும் இருக்கிறவனையும் சேர்த்து வைப்பது.

கொரோனா வந்தபோது அந்த லாட்ஜை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தனியாக வைக்கிற இடமாக்கினார்கள். வேலைப் பையன்கள் ஊருக்கு ஓடிவிட்டார்கள். உன் அப்பா அந்தக் காலோடு மூன்று மாடி ஏறி ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் சாப்பாட்டுப் பொட்டலம் வைத்துவிட்டு, தட்டிவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று "ஊணு வச்சிட்டுண்டு" என்று குரல் கொடுப்பார். ஒரு நாள் உள்ளேயிருந்து ஒருவர் கேட்டாராம், "இது அண்ணாச்சியல்லே? தம்பானூர் பூத்திலே?" இருபது வருஷத்துக்கு முன் அவருடைய மனைவி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நம் பூத்தில் வந்து நின்றவள். இரண்டு பேரும் மூடின கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று அரை மணி நேரம் பேசினார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, "உங்களுக்குப் பிள்ளை இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அப்படித்தான் நான் பேசுவேன், உனக்குத் தெரியுமே.

இரண்டாவது அலையில் என் பயம் எல்லை மீறிவிட்டது. உன் பிளஸ் ஒன் வகுப்பு போனில்தானே நடக்கிறது என்று சொல்லி உன்னை நாகர்கோவிலில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினேன். போகமாட்டேன் என்று நின்றாய். உன் அப்பாதான் சமாதானம் செய்தார்: "போயிட்டு வா மக்களே. ரெண்டு மணி நேரம்தானே. கூப்பிட்டா ஓடி வந்துர மாட்டியா?" நீ போன பன்னிரண்டாவது நாள் அவருக்குக் காய்ச்சல். நாலாவது நாள் அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன். நீ அவருடைய போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தாய். எடுத்துப் பேசுகிற நிலையில் அவர் இல்லை. "சார்ஜ் இல்லடா, அந்தப் பழைய போனுக்குச் சார்ஜர் இங்க யார்கிட்டயும் இல்ல" என்று நான் சொன்னேன். இது முதல் பொய். இரண்டாவது நாளும் அதையே சொன்னேன்.

மூன்றாவது நாள் காலை பத்து மணிக்கு அவர் போய்விட்டார். என்னை வராந்தாவில் நிற்கச் சொல்லி, அவர் இறந்ததாக எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, மாலை ஐந்து மணிக்கு மின்மயானம், அதற்குள் மகன் வந்தால் தூரத்திலிருந்து முகத்தைக் காட்டலாம் என்றார்கள். அங்கிருந்த நர்ஸ் பெண் நல்லவள், "மோனெ வேகம் விளிக்கூ சேச்சி" என்று, மகனைச் சீக்கிரம் கூப்பிடச் சொல்லி இரண்டு தடவை சொன்னாள். எல்லை தாண்டி வர உனக்குப் பாஸ் வேண்டும். அப்பு, அந்தப் பாஸை அந்த இரண்டு வாரத்தில் நான் எத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்தேன் தெரியுமா. வீட்டிலிருந்தே போனில் போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'மரணம்' என்று போட்டால் கேள்வியே கிடையாது, செக்போஸ்டில் நிறுத்தவும் மாட்டார்கள். 'மருத்துவ அவசரம்' என்று போட்டால் ஆஸ்பத்திரிக் கடிதம் கேட்பார்கள். இது எனக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்தப் பாஸ் உன் போனுக்குத்தான் வரும். காரணம் அதில் அச்சாகியிருக்கும். உன் அப்பா இறந்ததை நீ காரில் உட்கார்ந்துகொண்டு ஓர் அரசாங்கத் தாளில் வாசிக்க வேண்டுமா என்று தோன்றியது. முழுசையும் வழியில் கொடுக்கக் கூடாது, நான் பிடித்துக்கொள்ள இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் உடல் உள்ளே கிடக்க, வெளியே நின்று நான் அவருடைய வழக்கத்தைத்தான் செய்தேன். 'மருத்துவ அவசரம்' என்பதைத் தொட்டேன். பெரியப்பாவுக்குப் போன் செய்து சீரியஸ், உடனே கிளம்புங்கள் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு நீங்கள் களியக்காவிளை எல்லைச் செக்போஸ்டுக்கு வந்துவிட்டீர்கள். அங்கேயிருந்து நீ கூப்பிட்டாய். "அம்மா, ஆஸ்பத்திரி லெட்டர் வேணுமாம். ஃபோட்டோ எடுத்து அனுப்பு, அப்ப விடுறோம்ங்கறாங்க." நர்ஸிடம் கேட்டிருக்கிறேன் என்று சொன்னேன். ஒரு மணிக்குக் கூப்பிட்டாய், டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றேன். என் கையில் அந்தத் தாள் இருந்தது. அதைப் படமும் எடுத்துவிட்டேன். உனக்கு அனுப்புகிற இடம் வரை கொண்டுவந்து, உன் பெயருக்கு நேராக விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அனுப்பவில்லை. ஏதாவது ஒரு வழியில் உங்களை விட்டுவிடுவார்கள், ஒரு போலீஸ்காரராவது இரக்கப்படுவார் என்று எவனோ முன்பின் தெரியாதவன் மேல் பாரத்தைப் போட்டேன். நாலு மணிக்குப் பெரியப்பா உன்னைவிட்டுத் தள்ளி வந்து கூப்பிட்டார். "பையன் கேக்கல்ல, சொல்லு. ஆள் இருக்காரா, இல்லியா?" அப்போதுதான் அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன். அதைப் பார்த்ததும் போலீஸ்காரர் தடுப்பை நகர்த்திவிட்டு, "இது ஆத்யமே காணிச்சூடாயிருந்நோ?" என்று கேட்டாராம். முதலிலேயே காட்டியிருக்கக் கூடாதா என்று. பெரியப்பா அதை உன்னிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார்.

ஐந்து மணி வரை மின்மயானத்தில் நானும் கெஞ்சினேன். பின்னால் இன்னும் ஆறு குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன; அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வழியெல்லாம் தடுப்பு; நான் திரும்பி வந்து நின்ற ஆஸ்பத்திரி வாசலில் நீ ஆறு மணிக்குத்தான் வந்து இறங்கினாய். பையைத் திறந்து என்னிடம் நீட்டினாய். அவருடைய பழைய போனுக்கான சார்ஜர். நாகர்கோவிலில் பூட்டிக் கிடந்த ஒரு கடைக்காரரை வீட்டில் போய்க் கூப்பிட்டு வாங்கினேன் என்று மூச்சு வாங்கச் சொன்னாய். "எங்க, உள்ளயா இருக்காரு?" என்று கேட்டாய். முருகேசனின் ஆரஞ்சுப் பழம் எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் நீ அந்தப் போலீஸ்காரரை வெறுத்தாய். லெட்டருக்காக ஒரு மகனை வெயிலில் நாலு மணி நேரம் நிறுத்தியவன் என்று யார் கேட்டாலும் சொன்னாய். காக்கிச் சட்டையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவருக்கு நீ தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வாய் வரும். பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன், பிறகு ஜெர்மன் பரீட்சை, பிறகு விசா. ஏர்போர்ட்டில் கடைசியாக ஒரு தடவை முயன்றேன். நீ குனிந்து என் காலைத் தொட்டாய், நான் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். அந்தப் போலீஸ்காரர் மேல் தப்பில்லை, அப்பு. அந்த நான்கு மணி நேரம் உன்னை நிறுத்தி வைத்தவள் நான். உன் அப்பாவின் முகத்தை நீ பார்க்க முடியாமல் செய்தவள் நான்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. இருந்தாலும் அம்மா என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். நேராகச் சொல்வதைத் தொழிலாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய், நல்லது. ஆனால் பாதி சேதி சொல்கிறவர்களை உடனே பொய்யர்கள் என்று தள்ளிவிடாதே. உன் அப்பா பொய்யர் இல்லை. மற்றவர்களுடைய துக்கத்தைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனவர், அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் பாதியைத் தானே வைத்துக்கொண்டார். நான் செய்தது அதுவா, அல்லது எனக்குத் தைரியம் இல்லாததற்கு அவருடைய வழக்கத்தைச் சாக்காக்கினேனா என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். இரண்டும்தான் போலிருக்கிறது. உனக்கு என் மேல் கோபம் வந்தால், அது வர வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இனி என் விஷயம். அன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. இடது மார்பில் ஒரு கட்டி. இரண்டு மாதமாக இருந்தது, கை பட்டுத் தெரியும், தெரியாதது போல இருந்தேன். அன்று அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு நேற்று வந்தது. புற்றுநோய். வரும் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், ஷீபா சேச்சி கூட இருப்பாள். ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அதை நான் சொல்லி நீ நம்ப வேண்டாம். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எனக்குப் புரியாத வார்த்தைகள் எல்லாம் உனக்குப் புரியும். நீயே வாசித்துப் பார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

வா என்று நான் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். போன தடவை உனக்காக நான் முடிவு செய்தேன். இந்தத் தடவை நீ செய்.

இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். ஒன்று நேற்றைய ரிப்போர்ட். மற்றது அன்று வராந்தாவில் எடுத்தது, பெரியப்பாவுக்கு மட்டும் போனது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு உனக்கு வந்திருக்க வேண்டியது.

வாசித்து முடித்ததும் பதில் எழுது. சீக்கிரம் எழுது.

அம்மா